சொல்லுக்கு இடம் தரும் வெண்கலம்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

டிரம் செட் என்றதும் நம் கண்முன் நிற்பவை அதன் உருளைகளே. காலால் மிதித்து முழக்கும் பெரிய டிரம்மும், முழங்காலுக்கு நேரே இருக்கும் ஸ்நேர் டிரம்மும், சுற்றிலும் நிற்கும் டாம்களும் பார்ப்பவர் கண்ணை முதலில் கவர்கின்றன. அவற்றுக்கு மேலே இரும்புத் தாங்கிகளில் மஞ்சள் நிலாக்களைப் போல நிற்கும் தட்டுகளை ஏதோ அலங்காரப் பொருள் என்று எண்ணிவிடுகிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது. டிரம்மின் ஒலி பிறந்த சிறிது நேரத்திலேயே அடங்கிவிடும். தட்டின் ஒலியோ நின்று, பரந்து, பாடுகிறவரின் குரலோடு கலந்துதான் மறையும். ஆகவே ஒரு டிரம் செட் பாட்டுக்குத் துணையாகுமா, பகையாகுமா என்பதைப் பெரும்பாலும் இத்தட்டுகளே முடிவு செய்கின்றன.

இவற்றை ஆங்கிலத்தில் சிம்பல் என்பர். நான் இச்சொல்லை வகுப்பில் முதன்முதலாகச் சொன்னபோது, கணக்குப் பாடத்தில் வரும் குறியீட்டைத்தான் சொல்கிறேன் என்று தோழியர் நினைத்தார்கள். பெயர் புதிதாயினும் பொருள் நமக்குப் புதியதன்று. நாதசுரக் கச்சேரியில் ஒலிக்கும் தாளமும், பஜனையில் ஒலிக்கும் ஜால்ராவும், கேரளத்துச் செண்டை மேளத்தோடு முழங்கும் இலத்தாளமும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. பிறர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவரை “ஜால்ரா போடுகிறார்” என்று கேலி செய்கிறோம். பாவம், அந்த வெண்கலத்துக்கு இந்தக் கெட்ட பெயர் எதற்கு என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் சிற்றாலயப் பாடகர் குழுவுக்கு முன்னாள் மாணவி ஒருவர் ஒரு டிரம் செட்டை அன்பளிப்பாகத் தந்தார். உருளைகளெல்லாம் நல்ல நிலையில் இருந்தன. தட்டுகள் மட்டும் இல்லை. தாங்கிகள் இலையுதிர்ந்த மரங்களைப் போல நின்றன. தட்டுகள் வாங்க முன்னாள் மாணவியர் சங்கம் ஒரு தொகையை ஒதுக்கியது. மெல்லிசைக் குழு ஒன்றில் பல ஆண்டுகளாக டிரம் வாசித்துவரும் என் தாய்மாமாவிடம் நான் மூன்று ஆண்டுகளாகப் பயின்று வருவதால், தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பாடகர் குழு சிஸ்டர் என்னிடம் தந்தார்.

ஆனால் மதர் ஒரு நிபந்தனை விதித்தார்.

“வாசியுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கோவிலுக்குள் வெண்கலக் கடையில் யானை புகுந்த கதை ஆகிவிடக் கூடாது. பாட்டின் ஒரு சொல்கூட மறையக் கூடாது. ஒரு மாதம் பார்ப்பேன். சொல் கேட்கவில்லை என்றால் டிரம் கலையரங்கத்துக்குப் போய்விடும். பூசைக்கு வராது” என்றார்.

மதர் இவ்வாறு கூறியதற்குக் காரணம் இருந்தது. சிற்றாலயத்தின் முதல் வரிசையில் பணி ஓய்வு பெற்ற சிஸ்டர்கள் அமர்வார்கள். அவர்களுள் எண்பது வயதைக் கடந்த ஒருவருக்குப் பார்வை முற்றிலும் போய்விட்டது. அவரால் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்க இயலாது. நாங்கள் பாடுவதைக் காதால் கேட்டு, அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டு பாடுவார். எங்கள் தட்டுகளின் இரைச்சலில் சொல் மறைந்தால், அவர் திருப்பலியில் வாய்மூடி அமர வேண்டியதுதான். பாடகர் குழுவின் மகிழ்ச்சி ஒரு புறம், அந்தச் சிஸ்டரின் பாட்டு மறு புறம் என்று ஆகிவிடக் கூடாதே என்பதுதான் எங்கள் எல்லாருடைய கவலையும்.

திருச்சபையிலும் இந்தக் கவலை பழையது என்று பின்னர் அறிந்தேன். திருத்தந்தை பத்தாம் பயஸ் 1903இல் திருவழிபாட்டு இசை பற்றி வெளியிட்ட ஆணையில், டிரம், தாளத்தட்டு போன்ற இரைச்சல் மிகுந்த கருவிகளைக் கோவிலில் வாசிக்கக் கூடாது என்று தடை விதித்தார். பியானோவுக்கும் அன்று அனுமதி இல்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1963இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் தனது திருவழிபாட்டுச் சாசனத்தில் ஆர்கனுக்கு முதலிடம் தந்துவிட்டு, பிற கருவிகளும் அதிகாரமுள்ளவர்களின் இசைவோடு இடம் பெறலாம் என்றது. அவை புனிதப் பணிக்குப் பொருந்த வேண்டும், ஆலயத்தின் மாண்புக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும், மக்களின் பக்திக்கு உண்மையாகவே உதவ வேண்டும் என்பவை நிபந்தனைகள். மதரின் நிபந்தனையும் ஏறத்தாழ இதுதான் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. விவிலியத்திலும் இரு பக்கமும் உண்டு. 150ஆம் திருப்பாடல் தாளங்களைக் கொட்டி இறைவனைப் புகழச் சொல்கிறது. பவுலடியாரோ கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்தில், அன்பில்லாத பேச்சுக்கு ஓசையிடும் தாளத்தையே உவமையாக்குகிறார். ஒரே கருவி புகழாகவும் ஆகலாம், வெற்றோசையாகவும் ஆகலாம். அது எப்படி என்று தேடத் தொடங்கினேன்.

தட்டின் உறுப்புகள் மூன்று. நடுவில் குமிழ் போல் எழுந்திருப்பதை பெல், அதாவது மணி, என்பர். அங்கே தட்டினால் கணீரென்று தெளிவான ஒலி வரும். மணியிலிருந்து விளிம்பு வரை சரிந்து செல்லும் பரப்பு இரண்டாவது. குச்சியின் நுனியால் அங்கே தட்டினால் ‘டிங், டிங்’ என்று ஒவ்வொரு தட்டும் தனித்துக் கேட்கும். மூன்றாவது விளிம்பு. குச்சியின் தண்டால் அதை வீசி அடித்தால் அலை உடைவது போன்ற பேரோசை எழும்.

தட்டின் வகைகள் பல. முதலாவது ஹை-ஹாட். இரண்டு தட்டுகள் ஒன்றையொன்று நோக்கி ஒரே கம்பியில் இருக்கும். இடக்காலால் மிதித்தால் மூடும், எடுத்தால் திறக்கும். பெரும்பாலும் 14 அங்குல அகலம் உடையது. பாட்டின் காலக்கணக்கை இடைவிடாமல் காட்டுவது இதன் வேலை. இரண்டாவது ரைடு. 20 அங்குலம் அல்லது அதற்கு மேலும் இருக்கும். இதுவும் காலக்கணக்குக்கே பயன்படும். மூன்றாவது கிராஷ். 16 முதல் 18 அங்குலம் வரை இருக்கும். பல்லவி திரும்பும் இடத்தில் ஒருமுறை ஒலித்துக் களைகட்டுவது இது. இவை தவிர, கையகலமே உள்ள ஸ்பிளாஷ், விளிம்பு மேல்நோக்கி மடிந்த சைனா என்ற வகைகளும் உண்டு. முதன்முறை வாங்குபவர் ஸ்பிளாஷையும் சைனாவையும் மறந்துவிடலாம். “சமையல் தெரிவதற்கு முன் முந்திரிப்பருப்பு வாங்குவது போல” என்பார் மாமா.

அடுத்து உலோகம். இதைப் படிக்கும்போதுதான் எனக்கு மிகுந்த வியப்பு ஏற்பட்டது. நல்ல தட்டுகள் 100 பங்கில் 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் கலந்த வெண்கலத்தால் ஆனவை. இக்கலவைக்கு பி-20 என்று பெயர். கோவில் மணியும் ஏறத்தாழ இதே கலவைதான்! நம் சிற்றாலயக் கோபுரத்தில் மணியாகத் தொங்குவதும் டிரம் செட்டில் தட்டாக நிற்பதும் உடன்பிறந்தவை எனலாம். வெள்ளீயத்தை 8 பங்காகக் குறைத்து, 92 பங்கு செம்பு சேர்ப்பது பி-8 என்னும் கலவை. இதன் ஒலி பளிச்சென்று கூர்மையாக இருக்கும். செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளைத் தட்டுகள் விலை மலிந்தவை, பழகுவோருக்கு உரியவை. வெண்கலப் பானையைத் தட்டினால் எழும் நாதமும் பித்தளைக் குடத்தைத் தட்டினால் எழும் ஒலியும் வேறு என்பதை நம் பாட்டிமார் நன்கறிவர். கடையில் பாத்திரத்தை விரல் மடக்கித் தட்டிப் பார்த்து வாங்கியவர்கள் அல்லவா அவர்கள்!

வெள்ளீயம் மிகுந்த வெண்கலம் நாதம் மிகுந்தது, ஆனால் எளிதில் உடைவது. அதைத் தட்டாக்குவது கடினமான கலை. வார்த்த கட்டியைக் காய்ச்சி, உருளைகளுக்கிடையே கொடுத்துத் தகடாக்கி, மறுபடி காய்ச்சி நீரில் தோய்த்து, சுத்தியலால் அடித்து வடிவம் தந்து, கடைசல் பிடிப்பார்கள். இக்கலையில் பெயர் பெற்ற ஒரு குடும்பம் உண்டு. 1618இல் கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் அவேதிஸ் என்ற ஆர்மீனியர் தங்கம் செய்ய முயன்றபோது இந்தக் கலவை கைகூடியது என்று அக்குடும்ப வரலாறு கூறுகிறது. சுல்தான் அவருக்கு சில்ஜியன் என்ற பெயரைத் தந்தார். ‘தாளம் செய்பவரின் மகன்’ என்பது அதன் பொருள். 1623இல் அவர் தம் பட்டறையைத் தொடங்கினார். 1929இல் குடும்பத் தொழில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. கலவையைக் காய்ச்சும் இரகசியம் தந்தையிடமிருந்து மகனுக்கு என்றே வந்துகொண்டிருந்தது. 1999இல் கிரேகி சில்ஜியன் என்ற பெண்மணி அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அதன் நெடிய வரலாற்றில் அப்பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவரே. அக்குடும்பத்திலிருந்து பிரிந்த ஒருவர் 1981இல் கனடாவில் தொடங்கியதுதான் சேபியன் நிறுவனம். தம் பிள்ளைகள் சாலி, பில்லி, ஆண்டி ஆகிய மூவரின் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அப்பெயரை வைத்தார். ஸ்விட்சர்லாந்தில் பைஸ்தே, ஜெர்மனியில் மைனல், துருக்கியில் இஸ்தான்புல் என்ற பெயர் தாங்கிய பட்டறைகள் ஆகியனவும் புகழ் பெற்றவை. எனினும் பெயரைப் பார்த்து மட்டும் வாங்கக் கூடாது. ஒரே நிறுவனம் பித்தளையிலும் செய்கிறது, சிறந்த வெண்கலத்திலும் செய்கிறது.

இனி, எந்தத் தட்டு எப்படி ஒலிக்கும் என்பதற்கு மாமா சொல்லித் தந்த சூத்திரத்தைக் கூறுகிறேன். அகலம் கூடினால் ஒலி தாழும், ஓசையும் நேரமும் கூடும். கனம் கூடினால் ஒலி உயரும், நெடுநேரம் நிற்கும். மெல்லிய தட்டு தொட்டவுடன் பேசும், விரைவில் அடங்கும். மணி பெரிதானால் முழக்கம் மிகும், சிறிதானால் குறையும். சுத்தியல் தழும்புகள் ஆழமாகவும் ஒழுங்கற்றும் இருந்தால் ஒலி மங்கலாக, மண்வாசனை போல, அமைதியாக இருக்கும். கண்ணாடி போல் பளபளக்கும் தட்டுதான் உயர்ந்தது என்று எண்ணுவது தவறு. மினுக்கு கண்ணுக்கு, ஒலி காதுக்கு!

இதையெல்லாம் படித்த பிறகும், எந்தத் தட்டு சொல்லை மறைக்கும் என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. அதற்கு நாங்கள் கண்ட வழி ‘சொல்வதை எழுதுதல்’. ஆம், தமிழம்மா வகுப்பில் வைக்கும் அதே தேர்வுதான்! ஒரு சனிக்கிழமை மாலை மாமா தம்முடைய தட்டுகளைச் சிற்றாலயத்துக்குக் கொண்டு வந்தார். பீடத்துக்கு அருகில் ஒரு தோழி பாசம், பாதம், பாவம், பாரம், பாலம் என்று ஓரெழுத்தே வேறுபடும் சொற்களை ஒரே இராகத்தில் பாடினாள். மாமா வாசித்தார். நாங்கள் ஐந்து பேர் கடைசி பெஞ்சில் அமர்ந்து எழுதினோம். முதலில் கனமான, பளபளப்பான தட்டு. பத்துச் சொற்களில் நாலைந்தைத் தவிர வேறெதுவும் எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. ‘ஆண்டவர் பாதம்’ என்று பாடியதை ஒருத்தி ‘ஆண்டவர் பாவம்’ என்று எழுதியிருந்தாள். சிஸ்டர் சிரித்த சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. அடுத்து மெல்லிய, மங்கலான தட்டு. மாமா முன்போலவேதான் வாசித்தார். ஆயினும் எல்லாருக்கும் எட்டுக்கு மேல் சரியாக வந்தது!

இதற்குக் காரணத்தை அறிவியல் ஆசிரியை விளக்கினார். பாட்டில் உயிரெழுத்துகளின் ஒலி வலிமையானது, தாழ்ந்தது. மெய்யெழுத்துகளின் ஒலி மெலிந்தது. அதிலும் ச, ஸ போன்றவை வினாடிக்கு ஆயிரக்கணக்கான அதிர்வுகள் உள்ள உயர்ந்த ஒலிகளால் ஆனவை. தட்டின் சலசலப்பும் அதே உயரத்தில்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே வாசலில் நுழைய முயன்றால் வலியது உள்ளே போகும், மெலியது வெளியே நிற்கும். ஆகவே தட்டு முழங்கும்போது ராகம் கேட்கும், சொல் கேட்காது. அத்துடன் நம் சிற்றாலயம் உயர்ந்த கூரையும் வழவழப்பான தரையும் வெறுஞ்சுவர்களும் உடையது. ஒருமுறை கைதட்டினால் அந்த ஒலி அடங்கச் சிறிது நேரம் ஆகிறது. திறந்தவெளி மேடையில் நன்றாக ஒலிக்கும் தட்டு, இங்கே முந்திய சொல்லின் மேல் விழுந்து பிந்திய சொல்லையும் மூடுகிறது.

இதிலிருந்து நான் கற்றது ஒன்று உண்டு. ஒரு தட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அது எப்படித் தொடங்குகிறது என்பதை விட, எப்படி முடிகிறது என்பதையே கவனிக்க வேண்டும். கடைக்குப் போகிறவர் எல்லாரும் ஓங்கி ஓர் அடி அடித்து, “ஆகா!” என்கிறார்கள். அடித்த பின் எண்ண வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று... எந்த எண்ணில் பாட்டுக்கு வழிவிடுகிறது என்று பார்க்க வேண்டும்.

கடைக்கு அப்பாவும் மாமாவும் நானும் சென்றோம். கடைக்காரர் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து, “பையனுக்கா சார்?” என்றார். “பாப்பாதான் வாசிக்கிறாள். அவளே பார்த்துச் சொல்வாள்” என்றார் அப்பா. அவர் அவ்வாறு சொன்னது எனக்குக் கிடைத்த பெரிய பரிசு. நான்கு தட்டுகள் ஒரே பெட்டியில் அடங்கிய தொகுப்பு ஒன்றைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். எங்களிடம் இருந்த தொகைக்குச் சரியாக வந்தது. ஆனால் அது பித்தளை. மாமா எதுவும் பேசவில்லை. நான் என் குச்சிகளை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். குடம் உருளும் ஒலி கேட்டது. நான்கு சாதாரணத் தட்டுகளை விட இரண்டு நல்ல தட்டுகளே போதும் என்று முடிவு செய்தேன்.

முதலில் ஹை-ஹாட். வாசிக்கும் நேரத்தில் பெரும்பகுதி கை அதன் மேல்தான் இருக்கும். ஆதலால் பணத்தில் பெரும்பகுதியை அதற்கே தருவது முறை. 14 அங்குலத்தில் பி-20 வெண்கலத்தாலான நான்கு சோடிகளைக் கேட்டேன். ஒரே பெயர், ஒரே அளவு உள்ள சோடிகள்கூட வேறுவேறாக ஒலிப்பதைக் கண்டேன். கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தபோது எடையும் வேறுபட்டது. மாமா தட்ட, நான் கண்ணை மூடிக்கொண்டு கடையின் மறுகோடியில் நின்று கேட்டேன். வாசிப்பவர் காதுக்கு அருகில் கேட்பது வேறு, கேட்பவருக்குப் போய்ச் சேர்வது வேறு அல்லவா? மூடிய நிலையில் குச்சியால், காலால் மட்டும், பாதி திறந்து என்று மூன்று விதமாகவும் கேட்டு, எடை குறைந்த ஒரு சோடியைத் தேர்ந்தெடுத்தேன்.

மீதிப் பணத்துக்குப் புதிய பி-20 தட்டு ஒன்று வாங்க இயலவில்லை. மாமாவின் நண்பர் ஒருவர் 18 அங்குல மெல்லிய கிராஷ் ஒன்றை விற்பதாக இருந்தார். மெல்லிய 18 அங்குலத் தட்டு நுனியால் தட்டினால் ரைடு போலவும், விளிம்பில் தொட்டால் கிராஷ் போலவும் பயன்படும். ஆகவே ஒன்றில் இரண்டு. பழைய தட்டு வாங்குவோர் மூன்று சோதனைகள் செய்ய வேண்டும். விளிம்பைச் சுற்றி நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். வெடிப்பு இருந்தால் நகம் தட்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மணியின் அடிப்பகுதியையும் நடுத்துளையையும் பார்க்க வேண்டும். துளை சாவித்துளை போல் ஒருபக்கம் தேய்ந்திருந்தால் சரியாகப் பேணாமல் வாசித்தார்கள் என்று பொருள். பின் விளிம்பைச் சுற்றிலும் மெல்லத் தட்டிக்கொண்டே வர வேண்டும். எங்காவது ‘கிர்’ என்ற அதிர்வு கேட்டால் வாங்கக் கூடாது. வெடித்த தட்டைப் பழையபடி ஆக்க முடியாது. வெடிப்பின் முனையில் துளையிட்டு அது மேலும் பரவாமல் தடுக்கலாம், அவ்வளவுதான். நாங்கள் பார்த்த தட்டு மூன்று சோதனையிலும் தேறியது. நிறம் மட்டும் கறுத்திருந்தது.

கறுத்த தட்டைக் கண்டதும் பாட்டி புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்! குத்துவிளக்கைப் பளபளவென்று ஆக்கும் புளியைத் தட்டுக்குப் போடக் கூடாது. புளிப்பும் சாம்பலின் உராய்வும் மேற்பூச்சையும் எழுத்தையும் அழித்துவிடும். மேலும், ஆண்டுகள் ஏற ஏறப் படியும் அந்தக் கறுப்பு ஒலியைச் சற்று மென்மையாக்குகிறது என்று வாசிப்பவர் பலர் அதை விரும்பவும் செய்கிறார்கள். வாசித்து முடித்ததும் விரல் பட்ட வியர்வையை உலர்ந்த துணியால் துடைத்து, துணி உறையில் வைத்தாலே போதும்.

எனக்குப் பின் வாசிக்கப்போகும் தங்கைகளுக்கு இன்னும் சில குறிப்புகள். தாங்கியில் தட்டின் மேலும் கீழும் கம்பளித் துண்டும், நடுவில் ரப்பர் குழாயும் கட்டாயம் இருக்க வேண்டும். உலோகத்தோடு உலோகம் உரசக் கூடாது. மேல் திருகை இறுக்கிவிடாதீர்கள். தட்டு ஊசலாட வேண்டும். அசையாமல் பிடிக்கப்பட்ட தட்டுதான் வெடிக்கிறது. விளிம்பை நேராகக் குத்தாமல் பக்கவாட்டில் வழித்துவிடுவது போல் அடியுங்கள். ஹை-ஹாட்டின் இரு தட்டுகளும் முற்றிலும் பொருந்தினால் இடையில் காற்று சிக்கி ஒலி மங்கும். கீழ்த்தட்டைச் சற்றே சாய்க்க ஒரு திருகு உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். சிற்றாலயத்தில் மரக்குச்சிக்குப் பதில், மெல்லிய குச்சிகளை ஒன்றாகக் கட்டிய கட்டுக்குச்சிகளைப் பயன்படுத்துங்கள். ஓசை பாதியாகக் குறைந்தது போல் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டின் சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சொல் எங்கே முடிகிறது என்று தெரிந்தவளுக்குத்தான் தட்டை எங்கே தொடலாம் என்று தெரியும்.

“பெண்பிள்ளைக்கு டிரம் எதற்கு? வீணை கற்கலாமே” என்று உறவினர் சிலர் கேட்டதுண்டு. அவர்களுக்கு வயோலா ஸ்மித்தைப் பற்றிச் சொல்வேன். 1912இல் அமெரிக்காவில் பிறந்த அவர், தம் சகோதரிகளோடு சேர்ந்து குடும்ப இசைக்குழுவில் டிரம் வாசித்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942இல், ஆண் கலைஞர்கள் போருக்குச் சென்றபோது, பெண் கலைஞர்களுக்கும் பெரிய இசைக்குழுக்களில் வாய்ப்புத் தாருங்கள் என்று ஓர் இசை இதழில் துணிந்து எழுதினார். 2020இல் தமது 107ஆம் வயதில் மறைந்தார். டிரம் வாசித்தால் பெண்களின் உடல்நலம் கெடும் என்போருக்கு இதுவே பதில்!

மதர் தந்த ஒரு மாதத்தில் ஐந்து ஞாயிறுகள் வந்தன. முதல் ஞாயிறு ஹை-ஹாட் மட்டும். இரண்டாம் ஞாயிறிலிருந்து பெரிய தட்டை ஒவ்வொரு பாட்டிலும் இரண்டே இடங்களில் தொட்டேன். ஐந்தாம் ஞாயிறு காணிக்கைப் பாடலாக யாரும் முன்பு கேட்டிராத புதிய பாடல் ஒன்றைப் பாடினோம். பூசை முடிந்து வெளியே வரும்போது, பார்வையிழந்த அந்தச் சிஸ்டர் ஒரு மாணவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தவாறே எதையோ முணுமுணுத்தார். அப்புதிய பாடலின் இரண்டாம் சரணம்! ஓர் எழுத்தும் பிசகவில்லை. மதர் அவர் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “சரி, இருக்கட்டும்” என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்போது தவக்காலம். இக்காலத்தில் இசைக்கருவிகள் பாடலைத் தாங்குவதற்கு மட்டுமே ஒலிக்கலாம் என்பது திருவழிபாட்டு ஒழுங்கு. எனவே தட்டுகள் உறையில் ஓய்வெடுக்கின்றன. நானும் பொதுத் தேர்வுக்குப் படிக்கிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து இருவர் பயிற்சிக்கு வந்துள்ளார்கள். வெறும் தலையணையின் மேல் தாளம் பழகுகிறார்கள். பெரிய வியாழன் இரவு வானவர் கீதத்தின்போது ஒலித்துவிட்டு மணிகள் மௌனமாகிவிடும். பாஸ்கா திருவிழிப்பில் மீண்டும் அதே கீதத்தில் அவை முழங்கும். அவ்விரவு மணிகளோடு தட்டுகளும் ஒலிக்க மதர் அனுமதி தந்திருக்கிறார். ஒரே வெண்கலத்தின் இரு பிள்ளைகள், ஒன்று கோபுரத்திலும் ஒன்று கீழேயும் நின்று, உயிர்த்த ஆண்டவரைப் புகழப்போகின்றன. அப்போதும் சொல் கேட்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பு மாணவியர் இருவருக்கும் சொல்லியிருக்கிறேன்.